பூசையில் வைத்த செல்லோ

1988ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, புதன்கிழமை, மாலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே தூறல், காற்று இல்லை, வெப்பம் ஒன்பது பாகை. உள்ளே இருபத்தாறு பாகை. தெற்கு லண்டனில், மோர்டனில், எங்கள் வீட்டு முன்னறையில் சரஸ்வதி பூசை நடந்துகொண்டிருந்தது. எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். பதினொருவர் நிலத்தில், மூவர் கதிரையில். வந்தவர்களில் நால்வருக்கு அன்று இரவு ஷிப்ட் இருந்ததால் ஏழேகாலுக்குத் தீபம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதனால் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்த மூலையில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளியை முறித்தது போல ஒரே ஒரு சத்தம். அந்த மூலையில் சாத்தியிருந்தது எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்த கொரிய இளைஞரின் செல்லோ.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கேட்டேன் என்று நினைத்தேன். கேட்டும் பேசாமல் இருந்தேன். மூன்று நிமிடம் கழித்து, சொன்னபடி சரியாக ஏழேகாலுக்கு, தீபம் காட்டினேன்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1986 செப்டம்பரில். அப்போது அவருக்கு இருபது வயது. லண்டனில் ஓர் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்து வந்திருந்தார். எனக்கு ஐம்பத்து நான்கு. கொழும்பில் இருபத்தாறு வருடம் நில அளவை வரைபடங்கள் வரைந்தவன், இங்கே ஒரு கவுன்சில் அலுவலகத்தில் கோப்புகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடனுக்காக மேலறையை வாடகைக்கு விட்டோம். அறையைப் பார்க்க வந்தவர் அறையைப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு தன் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஒரு பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு பதின்மூன்று படிகளும் ஏறினார். வயலினின் பெரிய அண்ணன் என்று செல்லோவைச் சொல்லலாம். கதிரையில் இருந்து, இரு முழங்கால்களுக்கும் இடையில் நிறுத்தி, வில்லால் வாசிப்பது.

நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் மட்டுமே வாசிக்கலாம், இரவு எட்டுக்குப் பிறகு கூடாது என்று நான் நிபந்தனை போட்டேன். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். மிச்ச நேரத்தைக் கல்லூரியின் நிலக்கீழ் அறையில் வாசித்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் நான் அவருடைய பயிற்சியைக் கீழே இருந்து எண்ணினேன். எண்ணுவது என் வியாதி. படிகளை எண்ணுவேன், தெருவில் மரங்களை எண்ணுவேன். ஒரு சனிக்கிழமை ஒரே நாலு சுரத்தை அறுபத்தெட்டுத் தடவை வாசித்தார். அறுபத்தொன்பதாவது தடவைக்காக நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் காத்திருந்தேன். அது வரவில்லை. கீழே வந்தவரிடம், ஏன் அறுபத்தெட்டோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நாற்பது தடவை பிழையில்லாமல் வரவேணும், ஐயா. இருபத்தெட்டாவதில் பிழை வந்தது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்."

அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு சின்னச் செல்லோவைக் கொடுத்து, பக்கத்தில் இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொண்டு தாய் இருந்தாராம். ஒரு கிண்ணத்தில் நாற்பது கறுப்பு அவரை விதை. ஒரு தடவை சரியாக வாசித்தால் ஒரு விதை மற்றக் கிண்ணத்துக்குப் போகும். ஒரு பிழை விட்டால் போன விதைகள் எல்லாம் திரும்பி வரும். சியோலில் அடுக்குமாடி வீடு. அயலவர்கள் கதவைத் தட்டினார்கள். அதனால் பஞ்சுப் போர்வைகள் அடுக்கும் அலுமாரியைக் காலியாக்கி, அதற்குள் கதிரையைப் போட்டு, கதவை முக்கால்வாசி சாத்தி வாசித்தார். கலைப் பள்ளியில் சேரும் பரீட்சைக்கு முதல், பன்னிரண்டு வயதில், ஆசிரியர் பென்சிலால் அவருடைய வலக்கை விரல் மொழியில் அடிப்பாராம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பென்சிலின் நிறத்தைக்கூடச் சொன்னார். ஏழு வயதிலிருந்து வாசிக்காத நாட்கள் எத்தனை என்று கேட்டேன்.

"மூன்று. தகப்பனார் இறந்தபோது."

லண்டனில் அவருக்குக் கிடைத்த ஆசிரியை ஒரு வயதான பெண். முதல் ஏழு கிழமை இடக்கை விரலை ஒரு தந்தியிலும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏழு கிழமை வெறும் தந்தியில் வில்லை இழுத்தார். கீழே இருந்த எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஏன் இப்படி என்று என் மனைவி கேட்டாள்.

"பின்னால் யாரோ நிற்பது மாதிரி வாசிக்கிறேனாம். அந்த ஆள் போன பிறகு மற்றதைப் பார்ப்போம் என்கிறார்."

"பின்னாலை ஆர் நிக்கிறது?"

"அம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தவை மொத்தம் ஐந்தோ ஆறோ தடவைதான்.

மனைவி அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அவளை அம்மா என்று கூப்பிடப் பழகினார். ஒரு நாள் சமையலறையில் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: எப்போது கலியாணம்? அதற்கு வந்த பதிலிலிருந்துதான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. கலியாணத்துக்கு முதல் இராணுவம் என்றார். அவருடைய நாட்டில் ஆண் பிள்ளைகள் எல்லோரும் முப்பது மாதம் படையில் சேவை செய்யவேண்டும். படிப்புக்காக அவருக்கு 1989 பெப்ரவரி முடிய அவகாசம் கொடுத்திருந்தார்கள். தப்ப ஒரே ஒரு வழி: அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சர்வதேசப் போட்டி ஒன்றில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்தால் விலக்குக் கிடைக்கும். அந்த அவகாசத்துக்குள் ஒரே ஒரு போட்டிதான் இருந்தது. ஐரோப்பாவில் வேறொரு நகரத்தில், 1988 நவம்பர் 14இல் தொடங்குவது.

"முப்பது மாதம்தானே. பிறகு வந்து வாசிக்கலாம்" என்றேன்.

அவர் இடக்கையை மேசையில் விரித்துக் காட்டினார். நாலு விரல் நுனியிலும் காய்ப்பு, தோல் செருப்பைப் போல. "இது நாலு மாதத்தில் போய்விடும், ஐயா. திரும்ப வர எத்தனை வருடம் என்று தெரியாது. இருபத்தைந்து வயதில் யாரும் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை."

மனைவி அன்று கறியைக் கருக விட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் எந்தப் படையின் கையிலும் அகப்படக்கூடாது என்று நகையை விற்று, வீட்டை ஈடு வைத்து இங்கே அனுப்பிய குடும்பங்கள் ஊரில் எங்கள் தெருவிலேயே ஏழு இருந்தன. வேறொரு நாட்டுப் பிள்ளை தானாகப் போய்ப் படையில் நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்தப் போட்டி அவளுடைய போட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயருக்கு அர்ச்சனை.

இப்போது ஈரத் துண்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட எனக்கு விருப்பம்தான். முதல் குளிர்காலத்தில் அவருடைய அறையில் ஐந்து ஈரத் துண்டுகள் தொங்கின. சுவரில் மூன்று இடத்தில் பூஞ்சணம் பிடித்ததைக் கண்டு நான் மேலே போனேன்.

"உவ்வளவு ஈரத்துண்டு எதுக்கு?"

"மரம் குடிக்கும், ஐயா. காய்ந்தால் வெடித்துவிடும்."

"சுவரும் குடிக்குது. சுவருக்கு ஆர் பொறுப்பு?"

இரண்டு துண்டு போதும் என்று முடிவாயிற்று. அறையில் ஒரு சின்ன ஈரமானி தொங்கியது, கைக்கடிகாரம் அளவில். காற்றில் ஈரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அது காட்டும். நாற்பதுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லித் தந்தார். அதை வாசிப்பது எனக்குப் பிடித்துப் போயிற்று. தினமும் காலையில் அவர் கதவைத் திறந்ததும் போய்ப் பார்ப்பேன், நாட்குறிப்பில் எழுதுவேன். 52. 48. 50. என் வீட்டில் ரேடியேட்டர் எப்போதும் பதினேழு பாகைதான். யாரும் கூட்டிவிடாமல் திருகியின் மேல் டேப் ஒட்டியிருந்தேன். என் மனைவிக்கு முழங்கால் வலி. செல்லோவுக்கு அந்தக் குளிர் பிடித்திருந்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. வெப்பம் மரத்துக்கு என்ன செய்யும் என்பது மோர்டன் தமிழர்களில் வேறு எவருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அந்தச் செல்லோ இத்தாலியில் ஒரு பட்டறையில் செய்தது. என்னைவிட நாலு வயது மூப்பு. கணவன் இறந்த பிறகு அவருடைய தாய் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு இரண்டு வாடகை அறைகளுக்குப் போய், பதினோராயிரம் பவுண் கொடுத்து அதை வாங்கிக் கொடுத்திருந்தார்.

பூசை அன்று பின்னேரம் நாலரைக்கு அவர் கல்லூரியால் வந்தார். எங்கள் வீட்டு வழக்கம், எவரிடம் என்ன வித்தை இருக்கிறதோ அதன் கருவி அன்று சரஸ்வதிக்கு முன்னால் இருக்கவேண்டும். விசயதசமி விடியும்வரை தொடக்கூடாது. என் வரைபடப் பெட்டியும் அளவுகோல்களும், அயல் பிள்ளைகளின் புத்தகங்களும் ஏற்கெனவே வைத்தாயிற்று. முந்திய இரண்டு பூசையிலும் செல்லோவை நாங்கள் கேட்கவில்லை; இந்த முறை போட்டி இருந்ததால் மனைவி படிக்கட்டின் கீழே நின்றாள்.

"தம்பி, உங்கடை வாத்தியத்தையும் இண்டைக்கு ஒரு இரவு கீழை வைப்பம். இவ்வளவு பெரிய வித்தையை மேலை வைச்சுக்கொண்டு கீழை பூசை செய்யிறதோ? இஞ்சேருங்கோ, தம்பிக்கு விளங்கப்படுத்துங்கோ."

நான் விளங்கப்படுத்தினேன்.

"எத்தனை மணி நேரம், ஐயா?"

"ஐந்து மணியிலிருந்து விடிய ஏழு மணி வரை. பதினாலு மணித்தியாலம்."

"தொடக்கூடாதா?"

"தொடக்கூடாது. அது வழக்கம்."

அவர் மேலே தன் அறைப் பக்கம் பார்த்தார். நாலு வினாடி இருக்கும். அந்த நாலு வினாடியை நான் பிறகு பல வருடம் வைத்து ஆராய்ந்தேன். போட்டிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. ஒரு இரவுப் பயிற்சி போவது அவருக்குச் சிறிய விடயமல்ல. வயதில் மூத்தவர் தம் வீட்டில் வைத்து ஒன்றைக் கேட்டால் மறுப்பது என்பது அவர் வளர்ந்த முறையில் இல்லை. தண்ணீர்க் குவளையைக்கூட என்னிடம் இரு கையாலும்தான் வாங்குவார். எங்கள் ஆட்களிலும் அப்படித்தான். ஆனால் நாங்கள் "பார்ப்பம்" என்றாவது சொல்லித் தப்புவோம். அவருக்கு அந்தச் சொல்லும் இருக்கவில்லை. தலையைக் குனிந்தார். மேலே போய்ச் செல்லோவைப் பெட்டியிலிருந்து எடுத்து இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் வைத்தே வைத்திருக்கலாம். மனைவிதான் "மூடி வைச்சால் அவ எப்பிடிப் பாக்கிறது?" என்றாள்.

அறை சின்னது. படங்களும் பழத்தட்டுகளும் நடுவை எடுத்துக்கொண்டன. செல்லோவுக்கு மிஞ்சியது ரேடியேட்டர் மூலை. அந்த ரேடியேட்டர் அப்போது குளிர்ந்திருந்தது. ஆறு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஈரக் கோட்டுகளோடு. அந்த வீட்டின் குளிர் ஊரெல்லாம் பகிடியாக இருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாளாவது யாரும் சொல்லக்கூடாது என்று திருகியின் டேப்பை நானே உரித்து, நானே இருபத்தாறுக்குத் திருப்பினேன்.

நாலு வீடு தள்ளி இருந்த ஒருவர், பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்பவர், செல்லோவைக் கண்டதும் கையைத் தட்டினார்.

"இதென்னண்ணை, வீணைக்கு யானைக்கால் வருத்தமோ?"

"சும்மா இரும்" என்றேன்.

"இல்லை, கேக்கிறன். அவவுக்கு இருக்கிறது நாலு கை. இதைத் தூக்க இன்னும் இரண்டு கை வாடகைக்கு எடுக்கவேணுமே! அதுசரி, என்ன இண்டைக்கு வீடு சுடுகுது? வெள்ளைக்காரன் காஸ் சும்மா விடுறானோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் சப்பணம் கட்டி இருந்த கொரிய இளைஞரும், விளங்காமலே, மரியாதைக்குச் சிரித்தார். மனைவி செல்லோவின் கழுத்துக்கு ஒரு மல்லிகைச் சரம் போட்டாள். சந்தனம் வைக்கப் போனவளை மட்டும் அவர் தடுத்தார். அதுவும் கையால் அல்ல, எழுந்து நின்று. அவள் புரிந்துகொண்டு பொட்டைப் பக்கத்திலிருந்த கதிரையில் வைத்தாள்.

ஏழு பன்னிரண்டுக்கு அந்தச் சத்தம். பிறகு தீபம், கடலை, அவல், மோதகம். எட்டரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். எட்டு நாற்பதுக்கு அவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒருக்கால் பார்க்கலாமா? வாசிக்கமாட்டேன்."

"விடிய."

"பாவம், பாக்கட்டுமன். பாத்தால் என்ன குறைஞ்சு போகுது?" என்றாள் மனைவி.

"வழக்கமெண்டால் வழக்கம்" என்றேன்.

நான் அப்படி ஒன்றும் வழக்கம் பார்ப்பவன் அல்ல. கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றித்தான் யோசிப்பேன். அன்று கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. போய்ப் பார்த்தால் அந்தச் சத்தம் என்ன என்று தெரிந்துவிடும். பதினான்கு பேருக்கு முன்னால் நடந்த என் பூசை அது. தெரியாமல் ஒரு இரவு தள்ளினால் விடியும்போது அது ரேடியேட்டர்க் குழாய் முறுகிய சத்தமாக மாறிவிடும் என்று நினைத்தேன் போலும். அவர் தலையைக் குனிந்துவிட்டு மேலே போனார். பத்து மணிக்குத் திருகியைப் பதினேழுக்குத் திருப்பினேன்.

காலை ஏழு மணிக்கு மனைவி மல்லிகைச் சரத்தைக் கழற்றினாள். செல்லோவின் முகப்பலகையில், தந்திகளைத் தாங்கும் குதிரையின் வலது காலுக்குக் கீழிருந்து, ஒரு மெல்லிய கோடு. பூ நார் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவள் நகத்தால் எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை. அவர் அவளுடைய கையை மெதுவாக விலக்கினார். நிலத்தில் மண்டியிட்டு, செல்லோவைக் கம்பளத்தில் கிடத்தி, தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நாலு தந்தி. நாலாவதையும் தளர்த்திய பிறகுதான் அவருடைய தோள்கள் இறங்கின. மேலே போய் ஈரமானியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். பத்து நிமிடத்தில் அது இருபத்தேழு காட்டியது.

மனைவி அழத் தொடங்கினாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில் அதைத்தான் அழிக்க விரும்புவேன்.

"இது முந்தியே இருந்திருக்குமோ?"

"இருக்கலாம், ஐயா" என்றார் அவர்.

வாத்தியம் திருத்துபவரிடம் நானும் போனேன், மோர்டனிலிருந்து பாதாள ரயிலில். பட்டறைக்காரர் பல் வைத்தியரைப் போல ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். முகப்பலகைக்குக் கீழே, குதிரையின் காலுக்கு நேரே, உள்ளே ஒரு சிறு மரத்தூண் நிற்கிறது. சத்தம் அதன் வழியாகத்தான் உடம்பெங்கும் போகிறது. வெடிப்பு அந்தத் தூணின் மேலாகப் போயிருந்தது. செல்லோவுக்கு வரக்கூடியதில் மோசமான இடம் என்றார். பதினேழரைச் சதமமீற்றர். பலகையைக் கழற்றி, உள்ளே வேறு மரம் பதித்து, பசை ஆறவிட்டு, திரும்ப மூட ஒன்பது கிழமை.

"வெடித்த உடனே தந்திகளைத் தளர்த்தியிருந்தால்?" என்று இளைஞர் கேட்டார்.

"இரண்டு அங்குலத்தோடு நின்றிருக்கும். இரவு முழுக்க தந்தி இழுத்திருக்கிறது. எத்தனை மணிக்கு வெடித்தது, தெரியுமா?"

பட்டறைக்காரர் கேட்டது எங்கள் இருவரையும். இளைஞர் தரையைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய வயலின்களை எண்ணினேன். இருபத்து மூன்று.

காப்புறுதிக்காரர் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்கள்: வெப்பத்தாலும் வறட்சியாலும் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை.

கல்லூரி ஒரு செல்லோவை இரவல் கொடுத்தது. நல்ல செல்லோதான், ஆனால் அதன் தந்தி பதினொரு மில்லிமீற்றர் நீளம் கூட. வீணையில் இருப்பது போல செல்லோவில் மெட்டுகள் கிடையாது. எங்கே விரல் வைப்பது என்பதைக் கைதான் நினைவில் வைத்திருக்கவேண்டும். பதினாறு வருட நினைவு முழுவதும் பதினொரு மில்லிமீற்றருக்குள் பிழையாகிவிட்டது. நான் நாலு மணித்தியால நிபந்தனையை எடுத்துவிட்டேன். அவர் அதற்கும் நன்றி சொன்னார். ஒன்பது மணித்தியாலம், பத்து மணித்தியாலம். நாற்பதுக்கு எண்ணினார், பதினெட்டில், முப்பத்தொன்றில், முப்பத்தொன்பதில் உடைந்தது, திரும்ப ஒன்று. கீழே நானும் அவரோடு திரும்ப ஒன்றுக்குப் போனேன். மனைவி தினமும் ஐந்தரைக்குப் பிளாஸ்டரோடு மேலே போவாள், அவருடைய விரல்களுக்கு.

நவம்பர் 12ஆம் திகதி போனார். 23ஆம் திகதி வந்தார். பெட்டியை மேலே கொண்டுபோகாமல் சமையலறையில் வைத்தார். நாற்பத்தொரு பேர் வாசித்தார்கள். இரண்டாம் சுற்றுக்குப் பன்னிரண்டு பேர். அதில் அவர் இருந்தார். இறுதிக்கு ஆறு பேர், அதில் இல்லை.

"எங்கை பிழைச்சது, தம்பி?" என்றாள் மனைவி.

"இரண்டு இடத்தில், அம்மா. வேகமான பகுதியில். விரல் தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டது."

"எப்பிடியும் முதல் இரண்டுக்குள்ளை வந்திருப்பார் எண்டு சொல்லேலாதுதானே" என்றேன் நான் தமிழில், அவளுக்கு மட்டும். உண்மையில் எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன்.

"வாயை மூடுங்கோ" என்றாள். கலியாணம் செய்து இருபத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

யானைக்கால் பகிடி விட்டவர் விடயம் கேள்விப்பட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொண்டு வந்தார்.

"அண்ணை, இவரை அகதியெண்டு அசைலம் அடிக்கச் சொல்லுங்கோ. நான் லோயரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். ஆமிக்குப் போக ஏலாது எண்டு எழுதினால் காணும். எங்கடை பெடியளுக்கு எத்தினை எழுதினவன்! வேணுமெண்டால் ஒரு காயமும் காட்டலாம்."

நான் அதை மொழிபெயர்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அவர் ஓம் சொல்லிவிட்டால் நான் தப்பிவிடுவேன் என்ற ஆசையும் இருந்தது. கொரியர் முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

"ஊரில் இரண்டு பேர் எனக்காகப் பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் மாமா. மற்றவர் என்னுடைய முதல் ஆசிரியர். நான் திரும்பிப் போகாவிட்டால் தண்டம் அவர்களுக்கு."

"எவ்வளவாம்?" என்றார் வந்தவர்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஜனவரியில் செல்லோ திருத்தி வந்தது. தொள்ளாயிரத்து நாற்பது பவுண், அவர் கல்லூரிச் செலவுக்கு வைத்திருந்த காசு. ஒரு பின்னேரம் முழுக்க அதை வாசித்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தூணுக்கு மேலே வெடித்த செல்லோ எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் பாதி விலைதான். படையிலிருக்கும் முப்பது மாதமும் தாய்க்குச் செலவுக்கு வேண்டும் என்று அந்தப் பட்டறையிலேயே விற்றார். ஐயாயிரத்து எண்ணூறு கிடைத்தது. 1989 பெப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை, முதுகில் சுமந்து வந்த பெட்டி இல்லாமல் ஒரு தோள் பையோடு போனார். வாசலில் என் மனைவியின் காலில் விழுந்து கும்பிட்டார். எனக்குத் தலையைக் குனிந்தார்.

படையிலிருந்து வருடத்துக்கு ஓர் அட்டை வந்தது. இராணுவ வாத்தியக் குழுவில் செல்லோவுக்கு இடமில்லை. கிழக்கு மலைகளில் பனி அள்ளுகிறேன், பெட்டி சுமக்கிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டாவது அட்டையில், விரல் நுனிக் காய்ப்புகள் போய் உள்ளங்கையில் வந்திருக்கின்றன என்று ஒரு வரி. 1992இல் ஒரு மாகாண நகரத்து இசைக்குழுவில் சேர்ந்தார். எட்டுச் செல்லோக்களில் ஏழாவது இருக்கை, வாத்தியம் குழுவுடையது. பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம்.

அந்த ஒக்டோபருக்குப் பிறகு மனைவி சரஸ்வதிக்கு முன்னால் எந்தக் கருவியையும் வைக்கவில்லை. ஒரு விளக்கு மட்டும். தன் ஆசைதான் அந்தப் பிள்ளையைப் படைக்கு அனுப்பியது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க நான் விட்டுக்கொண்டிருந்தேன்.

1997 மே மாதத்தில் அவர் வந்தார். ஒரு மாணவியைக் கல்லூரித் தேர்வுக்குக் கூட்டி வந்திருந்தார். அவளுடைய பெற்றோர் அவருக்குப் பயணச் செலவு கொடுத்திருந்தார்கள். முப்பத்தொரு வயது. முன்தலை மயிர் குறைந்திருந்தது. சமையலறையில் இடியப்பம் சாப்பிட்டார், பழையபடி. எனக்கு அறுபத்தைந்து, இளைப்பாறியாயிற்று, இதயத்தில் ஒரு குழாய் அடைத்திருந்தது. சொல்லாமல் சாவது சரியில்லை என்று தோன்றியது.

"அது வெடித்தது ஏழு பன்னிரண்டுக்கு" என்றேன். "எனக்குக் கேட்டது. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்."

அவர் இடியப்பத்தை வைத்துவிட்டார்.

"எனக்கும் கேட்டது, ஐயா."

"பின்னே ஏன் எழும்பேல்லை?"

"பூசை நடந்துகொண்டிருந்தது. பதினான்கு பேர் இருந்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கும் கேட்டது என்று முகத்தில் தெரிந்தது. நீங்கள் பேசவில்லை. அதனால் பேசக்கூடாது என்று நினைத்தேன்." தட்டைத் தள்ளி வைத்து, "பிறகு, பார்க்கலாமா என்று கேட்டேன்தானே" என்றார். அதில் கோபம் இல்லை.

மனைவிக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் விளங்கும். அவள் எழுந்து பானையைக் கழுவினாள். கழுவிய பானையைத் திரும்பவும் கழுவினாள்.

"ஒன்பது வருஷம்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "ஒன்பது வருஷம் நான் அந்தப் பாவத்தைச் சுமக்க நீங்கள் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்திருக்கிறியள்."

அவர் அன்று எங்களிடம் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். முடிந்த விடயம் என்றார். மறு வருடம் மார்ச்சில் கடிதம் வந்தது. அவருடைய நாட்டில் பணம் எல்லாம் சரிந்துபோயிருந்தது. மாகாணம் இசைக்குழுவைக் கலைத்துவிட்டது. பத்தொன்பது மாணவர்களில் நால்வர்தான் மிச்சம். தாயின் வாடகை அறைகளுக்குக் கட்டிய முற்பணம் வீட்டுக்காரரோடு போய்விட்டது. இவற்றை அவர் ஒரு செய்தியாகவே எழுதியிருந்தார், எதையும் கேட்கவில்லை. மனைவி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அனுப்புங்கோ" என்றாள். அந்த ஒரு சொல்தான். இளைப்பாறியபோது கிடைத்த காசு வங்கியில் இருந்தது. அதிலிருந்து அனுப்பினேன்.

தாய்க்கு வேறு அறை எடுத்ததாகப் பதில் வந்தது. செல்லோ வாங்கவில்லை. பியானோ ஏற்றி இறக்கும் ஒருவரிடம் வேலை செய்கிறேன்; பகலில் சுமப்பதால் பின்னேரம் கை நடுங்குகிறது, நால்வரில் இருவரை வேறு ஆசிரியரிடம் அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தார். இன்னும் வாசிக்கிறாரா என்று அவர் எழுதவில்லை. நான் கேட்டு எழுதவும் இல்லை.

நான் அனுப்பிய கணக்கு இது: செல்லோவுக்குத் தாய் கொடுத்த விலைக்கும் அவர் விற்ற விலைக்கும் இடையே ஐயாயிரத்து இருநூறு. திருத்தியதற்குத் தொள்ளாயிரத்து நாற்பது. வெடித்த பிறகும் வெட்கமில்லாமல் நான் வாங்கிய பதினெட்டுக் கிழமை வாடகை, கிழமைக்கு முப்பது வீதம், ஐந்நூற்று நாற்பது. அனுப்பியதற்கு வங்கி எடுத்தது இருபத்து நான்கு. மொத்தம் ஆறாயிரத்து எழுநூற்று நான்கு பவுண்.